டீனா மிஸ்ஸின் ரத்தம்

எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யாருடைய ரத்தத்தை வைத்து வேலை செய்கிறோமோ, அவர் பெயரையே அந்த ரத்தத்துக்கும் வைத்துவிடுவோம். கட்டுரை எழுதும்போது பெயர் வரக் கூடாது, எண்தான் போட வேண்டும். ஆனால் உள்ளே பேசும்போது எண்ணையெல்லாம் யார் ஞாபகம் வைத்துக்கொள்வது? ‘டீனாவை எடுத்து ஐஸில் வை’, ‘டீனாவை வீணாக்காதே’, ‘இன்றைக்கு டீனா பிரமாதமாக வேலை செய்திருக்கிறது’ என்று சொல்லிச் சொல்லி எங்கள் காதுக்கு அது மரத்துப்போய்விட்டது.

டீனாவின் கணவர் மரியதாஸின் காது அப்படி மரத்துப்போன காது இல்லை.

டீனா இறந்து ஒரு மாதம் ஆகப்போகும் சமயம். முப்பதாம் நாள் பூசைக்கு என்னை அழைப்பதற்காக அவர் சாந்தோமிலிருந்து அடையாற்றுக்கு, ஆய்வுக்கூடத்துக்கே வந்திருந்தார். என் அறையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கொடுத்த காபியைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். அந்த நேரம் பார்த்து, என்னிடம் ஆராய்ச்சி செய்யும் மதுவந்தி கதவைத் தள்ளித் தலையை மட்டும் நீட்டினாள்.

“மேடம், டீனா இன்னும் எவ்ளோ இருக்கு? அடுத்த வார எக்ஸ்பெரிமென்ட்டுக்குப் பத்துமா?”

சொன்ன பிறகுதான் நாற்காலியில் யார் என்று பார்த்தாள். முகம் வெளுத்துப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஓடினாள். எனக்கு அவளை அங்கேயே ஓர் அறை விட வேண்டும் போலிருந்தது. அவளை மட்டும் சொல்லி என்ன, அந்தப் பேச்சை அவளுக்குப் பழக்கியதே நாங்கள்தான்.

மரியதாஸ் காபியை மேஜைமேல் வைத்தார். “இன்னா மேடம் சொல்லிட்டுப் போவுது அந்தப் பொண்ணு?”

“டீனா மிஸ் குடுத்த ரத்தம். கொஞ்சம் ஃப்ரீஸர்ல இருக்கு. அதைத்தான் கேக்கறா. நீங்க ஒண்ணும் நெனச்சுக்காதீங்கோ.”

“இன்னும் கீதா?”

“இருக்கு. சின்னச் சின்ன ட்யூப்ல போட்டு வெச்சிருக்கோம்.”

“அது எனக்கு வோணும் மேடம்” என்றார். “பொதைச்சப்ப முழுசாப் பொதைச்சிட்டேன்னு நெனச்சிக்கினு இருந்தேன். அவ ஒடம்புல ஒண்ணு இங்க ஐஸ்ல கெடக்குதுன்னு தெரிஞ்சப்பறம் எப்டி மேடம் சோறு எறங்கும்? கல்லறைத் திருநாள் வருது. அதுக்குள்ள குடுத்துடுங்க. அவ காலாண்ட கொஞ்சம் மண்ணத் தோண்டி வச்சிடறேன். ஃபாதராண்ட நான் கேட்டுக்கறேன்.”

யோசிக்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். யோசிக்க என்ன இருக்கிறது? விதிப்படி ஆய்வுக்கூடத்திலிருந்து மனித ரத்தம் வெளியே போகக் கூடாது. மதுவந்தியின் ஆராய்ச்சி முடிய அந்த ட்யூப்கள் வேண்டும். ஆனால் எதிரே உட்கார்ந்து கேட்டவருக்குப் பெண்டாட்டி போய் ஒரு மாதம் ஆகவில்லை.

டீனாவை நான் முதலில் பார்த்தது ஒரு மார்கழி மாதத்தில். வெயிலே இல்லாத நாளில் குடை பிடித்துக்கொண்டு, கறுப்புக் கண்ணாடியும் முழுக்கை ரவிக்கையுமாக ஒரு பெண் எங்கள் வாசலில் வந்து நின்றாள். யாரோ சினிமாக்காரி வழி தவறி வந்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன். சாந்தோமில் ஒரு பள்ளிக்கூடத்தில் யூகேஜி டீச்சர் என்று வாயைத் திறந்ததும் தெரிந்துவிட்டது. அந்தக் குரல் தெருமுனை வரை கேட்கும்.

அவளுக்கு லூபஸ் என்ற நோய். வெளியிலிருந்து வரும் கிருமியை அடிக்க வேண்டிய ஆன்டிபாடிகள், குழம்பிப்போய், சொந்த உடம்பையே அடிக்கும் நோய் அது. வெயில் பட்டால் மூக்கின் இரண்டு பக்கமும் கன்னம் சிவந்து போகும். குளிர் பட்டால் விரல்கள் சுண்ணாம்பாக வெளுத்துவிடும். அவளுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர்தான் என்னிடம் அனுப்பினார். அவள் ரத்தத்தில் இருந்த ஆன்டிபாடிகளில் ஒன்று எங்களுக்கு மிகவும் வேண்டிய பொருள். ரத்தம் கொடுக்கச் சம்மதமா என்று கேட்டோம். சம்மதம், ஆனால் ஒரு நிபந்தனை என்றாள்.

“என் ரத்தத்த வச்சு என்ன செய்யறீங்கன்னு எனக்குப் புரியற மாதிரி சொல்லணும். யூகேஜி பசங்களுக்குச் சொல்ற மாதிரி சொன்னாலும் சரி, நான் தப்பா நெனைக்க மாட்டேன்.”

அப்படிச் சொல்வது கருத்தரங்கில் பேசுவதைவிடக் கஷ்டம். நான் காகிதத்தில் ஒரு நீளக் கோடு போட்டேன். செல்லுக்குள் ஏதாவது ஒரு புரதம் செய்ய வேண்டுமானால், முதலில் மரபணுவைப் பார்த்து ஓர் ஆர்என்ஏ நகல் எடுக்கப்படும் என்றேன். அந்த நகலில் வேண்டிய செய்தியும் வேண்டாத சொத்தைகளும் மாறி மாறி வரும். வேண்டாததை வெட்டி எறிந்து, வேண்டியதை ஒன்றோடொன்று ஒட்டினால்தான் அந்த நகல் உபயோகப்படும்.

டீனா கோட்டைப் பார்த்தாள். “எங்க வீட்டுக்காரர் மைக் செட் வச்சிருக்காரு. கோயில் திருவிழாவுக்கு அறிவிப்பு குடுப்பாரு. ‘இன்று மாலை ஆறு மணிக்கு… ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்… தேர் பவனி… டேய் அந்த ஒயர இழுடா… நடைபெறும்.’ அந்த மாதிரியா?”

“அதே மாதிரிதான்” என்றேன். இத்தனை வருஷம் படித்தும் எனக்கு இப்படி ஒன்று தோன்றியதில்லை. சிரித்துக்கொண்டே மேலே சொன்னேன். அந்த ஹலோவையும் ஒயரையும் வெட்டி எடுக்க செல்லுக்குள் ஓர் இயந்திரம் இருக்கிறது. ஸ்ப்ளைசோசோம் என்று பெயர். ஆனால் அது இயந்திரமாக ஓரிடத்தில் நிற்பதில்லை, உதிரியாகத்தான் திரிந்துகொண்டிருக்கும். ஐந்து சின்ன ஆர்என்ஏக்கள், அவற்றோடு ஒட்டிக்கொண்ட புரதங்கள். வேண்டாத துண்டு எங்கே ஆரம்பிக்கிறது என்று ஒன்று வந்து தொட்டுப் பார்க்கும். இன்னொன்று அந்தத் துண்டின் உள்ளே ஓர் இடத்தில் உட்காரும். மற்ற மூன்றும் சேர்ந்து வரும். வேண்டாத துண்டு சுருக்குப் போட்ட கயிறாக வளைந்து கழன்றுபோகும், இரண்டு முனைகளும் ஒட்டிக்கொள்ளும். ஓர் எழுத்து தள்ளி வெட்டினாலும் போச்சு, அந்தப் புரதம் தேறாது. வேலை முடிந்ததும் எல்லாம் கலைந்து அடுத்த இடத்துக்குப் போய்விடும். நம் உடம்பில் இது நடக்காத நொடி கிடையாது.

“நான் பேசிண்டே இருக்கேன், ஒங்களுக்கு ஸ்கூலுக்கு நாழியாகலையோ?” என்று கேட்டேன்.

“பேசிண்டே இருங்கோ மேடம்” என்று என் மயிலாப்பூர்ப் பேச்சை அப்படியே சொல்லிக் காட்டினாள். “இதுல என் ரத்தம் எங்க வருது?”

அந்த ஐந்தில் நான்கின் இடுப்பில் ஒரு புரத வளையம் இருக்கிறது. உங்கள் ரத்தத்தில் இருக்கும் ஆன்டிபாடி அந்த வளையத்தைப் பிடித்துக்கொள்ளும் என்றேன். செல்களை உடைத்து அந்தக் கலவையில் உங்கள் ரத்த நீரை விட்டால், அத்தனை ஆயிரம் பொருட்களுக்கு நடுவில் வெட்டி ஒட்டும் அந்தப் பாகங்களை மட்டும் பிடித்து வெளியே இழுத்து வந்துவிடும். நான்கைப் பிடித்தால் ஐந்தாவதும் கூடவே வரும். கடையில் கிடைக்கும் ஆன்டிபாடி எதுவும் எங்கள் கையில் இவ்வளவு சுத்தமாகப் பிடித்துத் தந்ததில்லை.

அவள் சிரிப்பு நின்றது. “அப்போ செல்லு வேலை செய்யறதுக்கு வேணும்கிற மெஷினையே என் ரத்தம் எதிரின்னு நெனைக்குது.”

“ஆமா.”

“எங்க க்ளாஸ்லயும் அப்படி ஒண்ணு ரெண்டு வரும் மேடம். கோவம் வந்தா தன் கையையே கடிச்சுக்கும். ஏண்டா கடிக்கறன்னு கேட்டா அதுக்கே தெரியாது.”

பிறகு அந்த வளையத்துக்கு என்ன பெயர் என்று கேட்டாள். எஸ்எம் என்றேன். என்ன எஸ்எம் என்றாள். அமெரிக்காவில் இதே நோய் வந்த ஒரு பெண்ணின் ரத்தத்தில்தான் இந்த ஆன்டிபாடியை முதலில் பார்த்தார்கள், அவள் பெயரின் முதல் இரண்டு எழுத்து அது என்று சொன்னேன்.

“அந்தப் பொண்ணு நல்லா இருக்கா?”

“இல்ல. சின்ன வயசுலயே போயிட்டா.”

டீனா குடையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். கதவு வரை போய்த் திரும்பி, “பரவால்ல, பேரு நிக்குதில்ல. என் ரத்தத்தையும் நம்பர் போட்டுக் கூப்பிடாதீங்க. டீனான்னே கூப்பிடுங்க” என்றாள். நாங்கள் கூப்பிட்டோம். கெட்ட பழக்கம் என்று சொன்னேனே, இந்த ஒருத்தி விஷயத்தில் அது கேட்டு வாங்கிய பெயர்.

அதற்கப்புறம் இரண்டு மாதம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை பள்ளிக்கூடம் விட்டதும் வருவாள். இடது கையில்தான் ஊசி போட வேண்டும், வலது கை போர்டில் எழுதுகிற கை. அவள் வரும் நாளில் நாங்கள் ஏசியை அணைத்துவிடுவோம், இல்லாவிட்டால் விரல் வெளுத்து ரத்தம் இறங்காது. மாத்திரையால் முகம் உப்பிப்போனபோது, “பசங்க எனக்கு பன் மிஸ்ஸுன்னு பேர் வச்சிருக்காங்க, என்ன பன்னு, வெண்ணெய் வச்ச பன்னு” என்று அவளே சொல்லிச் சிரித்தாள். இரண்டு முறை வயிற்றில் தங்கி இரண்டு முறையும் நிற்கவில்லை. அதை மட்டும் சிரிக்காமல், ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள். நானும் பிள்ளை இல்லாதவள்தான். எங்கள் இருவருக்கும் வயதும் ஒன்று. ஏதாவது ஆறுதல் சொல்லத் தெரிந்திருந்தால் எனக்கே சொல்லிக்கொண்டிருப்பேன்.

வீட்டில் அவள் சொல்லிவைத்திருந்த கதை வேறு. “உலகத்துலயே கொஞ்ச பேருக்குத்தான் இந்த மாதிரி உசத்தியான ரத்தம் இருக்காம், அதான் சயின்டிஸ்ட்டுங்க கேட்டு வாங்கறாங்கன்னு அவருகிட்ட சொல்லிட்டேன். அவரு பயந்த ஆளு மேடம். மைக்ல மட்டும்தான் சத்தம். நீங்க பாத்தா மாத்திச் சொல்லிடாதீங்க.”

மாற்றிச் சொல்ல எனக்கு என்ன வந்தது? அவர் இரண்டொரு முறை அவளை அழைத்துப்போக வந்தபோது, “எங்க வீட்டம்மா ரத்தம் எப்டி மேடம், சூப்பரா கீதா?” என்று கேட்பார். சூப்பராக இருக்கிறது என்பேன். டீனா அவருக்குப் பின்னால் நின்று எனக்குக் கண் காட்டுவாள்.

போன வருஷம் கால் வீங்க ஆரம்பித்தது. செல்கள் செத்து உடையும்போது உள்ளே இருந்தவை ரத்தத்தில் சிதறும். ஆன்டிபாடிகள் அவற்றைப் பிடித்துக்கொண்டு கட்டி கட்டியாகச் சேர்ந்து, சிறுநீரகத்தின் சல்லடையில் போய் அடைத்துக்கொள்ளும். அவளுக்கு அதுதான் நடந்தது. டாக்டர் மருந்தை மாற்றினார், கூட்டினார். அது ஒரு பக்கம் போய்க்கொண்டிருக்க, எங்கள் பக்கம் அவள் ரத்தம் முன்னைவிட நன்றாக வேலை செய்தது. ஒரு சொட்டு விட்டால் போதும், மொத்த இயந்திரமும் கூடவே வந்தது. மதுவந்தி சோதனை முடிவின் படத்தை எடுத்துக்கொண்டு சந்தோஷமாக ஓடிவந்தாள். அவள் உடம்பை அடிப்பது அவ்வளவு கூடிவிட்டது என்றுதான் அதற்கு அர்த்தம். நான் அதைப் பார்த்துவிட்டு என் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அதற்கப்புறம் டீனாவிடம் ரத்தம் எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

கடைசியாக அவளை ஆஸ்பத்திரியில் பார்த்தபோது டயாலிசிஸ் முடிந்து படுத்திருந்தாள். குரல் மட்டும் அப்படியே இருந்தது. “கொழந்தைங்க எல்லாம் ஒண்ணாங்கிளாஸ் போயிட்டாங்க மேடம், புதுசா வந்ததுங்க பேரெல்லாம் எனக்குத் தெரியல” என்று குறைப்பட்டுக்கொண்டாள். அடுத்த வாரம் காய்ச்சல் வந்து, நெஞ்சில் சளி கட்டிப் போய்விட்டாள். நாற்பத்தெட்டு வயது.

ரத்தத்தைக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். இயக்குநரிடம் போனேன். விதி, பாதுகாப்பு, முன்னுதாரணம் என்று அவர் ஆரம்பித்தார். “சார், கொடுத்தவங்களுக்குத் திருப்பிக் கேக்க உரிமை உண்டுன்னு நாமதான் அவங்ககிட்ட சொன்னோம். அவங்க இல்ல, அவங்க ஆத்துக்காரர் கேக்கறார். கிருமி பரிசோதனையெல்லாம் பண்ணின ரத்தம்தான். என்மேல நடவடிக்கை எடுங்கோ, பரவாயில்ல” என்றேன். எனக்குக் கோபம் வந்தால் குரல் உடைந்துவிடும். அதைப் பார்த்துப் பயந்தாரோ என்னவோ, நான் கேட்கவே இல்லை என்பதுபோலக் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார். அது எங்கள் இடத்தில் சம்மதம் என்று அர்த்தம். மதுவந்தி ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. தன் வேலைக்கென்று ஒரு ட்யூபைக்கூட எடுத்து வைத்துக்கொள்ளவில்லை.

கல்லறைத் திருநாளுக்கு முதல் நாள் காலையில் மரியதாஸ் வந்தார். நல்ல மழை. வெள்ளைச் சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. கல்லறையைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்தாயிற்று, மழை விட்டால் பூ வாங்க வேண்டும், ஃபாதர் சரி என்றுவிட்டார் என்றெல்லாம் வரிசையாகச் சொன்னார். ஆய்வுக்கூடத்துக்குள் அழைத்துப்போய் ஃப்ரீஸரைத் திறந்தேன். வெண்புகை இறங்கியது. ட்யூப்கள் இருந்த பெட்டியை எடுத்து, ஒரு ட்யூபைக் கையுறைக்குள் வைத்துக் கொஞ்சம் இளகவிட்டு அவரிடம் கொடுத்தேன்.

அவர் குனிந்து பார்த்தார். “இது இன்னா மேடம், மஞ்சளாக் கீது?”

“இதான்.”

“ரத்தம்னீங்க. ரத்தம் செவப்பாத்தானே இருக்கும்?”

எடுக்கும்போது சிவப்புதான் என்றேன். மெஷினில் வைத்து வேகமாகச் சுற்றினால் சிவப்பு அணுக்கள் அடியில் போய்விடும், மேலே இந்த மஞ்சள் நீர் நிற்கும், எங்களுக்கு வேண்டியது இந்த மேல் நீர்தான் என்றேன்.

“இதுல இன்னா கீதுன்னு இத்த மட்டும் வச்சிக்கினீங்க?”

எனக்கு டீனா கண் காட்டியது ஞாபகம் வந்தது. “அவங்க சொல்லியிருப்பாங்களே, ரொம்ப அபூர்வமான…” என்று ஆரம்பித்தேன்.

“மேடம்.” அவர் குரலை உயர்த்தவில்லை. “அவ சொன்ன கதை அவளுக்காக நான் நம்பினது. நான் நம்பறேன்னு அவளுக்கு ஒரு சந்தோசம். அப்பவே டாக்டராண்ட தனியாப் போய்க் கேட்டுக்கினேன். ரத்தத்துல ஒண்ணு கீது, அதுதான் அவள உள்ள இருந்து அடிச்சிக்கினு கீதுன்னு சொன்னாரு. நீங்க இதுல புடிச்சி வச்சிக்கிறது அத்தத்தானா?”

இந்த மனிதரிடமா நான் வருஷக்கணக்கில் சூப்பர், சூப்பர் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்? இரண்டு பேரும் ஒருவருக்காக ஒருவர் நடித்திருக்கிறார்கள், நடுவில் எனக்கும் ஒரு வேஷம்.

“அது மட்டும்னு சொல்ல முடியாது. அது மாதிரி இன்னும் சிலதும் சேர்ந்துதான். ஆனா ஆமா, அது இதுலதான் இருக்கு” என்றேன். “வேற நல்லதும் இருக்கு மரியதாஸ். சின்ன வயசுல அம்மை வந்தப்போ அவங்களக் காப்பாத்தினதும் இதுலதான் இருக்கு. அவங்க உப்பு, சர்க்கரை…”

“பக்கத்துலயே அதுவும் கீதுல்ல?”

“இருக்கு.”

ட்யூபை என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டார். “இத்த எப்டி மேடம் அவகூடப் பொதைப்பேன்? உசிரோட இருக்கசொல்ல அடிச்சது போதாதா? அங்கயாச்சும் நிம்மதியாப் படுத்துக்கினு கீறா. நீங்களே வச்சிக்குங்க. அது ஏன் அப்டி அடிக்குதுன்னு கண்டுபுடிங்க.”

நான் பெட்டியை ஃப்ரீஸரில் வைத்து மூடினேன். அவர் போகவில்லை. சட்டையிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

“அந்தச் செவப்பு?” என்றார். “அது அவளோடதுதானே? அது அவள அடிக்கலல்ல?”

“இல்ல. அது அவங்களோடதுதான்.”

“அது எங்க கீது?”

சொல்லாமல் விட முடியாது, அவர் பார்த்துக்கொண்டே நின்றார். “அதை வெச்சுக்க மாட்டோம். அன்னன்னிக்கே மருந்துத் தண்ணில ஊற வெச்சுக் கொட்டிடுவோம்.”

“எங்க கொட்டுவீங்க?”

பின்பக்கம் கழுவும் தொட்டியைக் காட்டினேன். ஸ்டீல் தொட்டி, நாங்கள் தினமும் கண்ணாடிப் பாத்திரங்களைக் கழுவும் இடம். இத்தனை வருஷமாக, அவள் வந்துபோன ஒவ்வொரு முறையும், அவளுக்கு எதிராக இருந்ததைப் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு, அவளை அங்கேதான் கொட்டியிருக்கிறோம்.

மரியதாஸ் செருப்பைக் கழற்றிவிட்டு அந்தத் தொட்டிக்கு முன்னால் போய் நின்றார். நெற்றியிலும் நெஞ்சிலும் தோள்களிலும் சிலுவை போட்டுக்கொண்டார். உதடு அசைய, இறந்தவர்களுக்காகச் சொல்லும் ஜெபத்தை முழுக்கச் சொன்னார். பாத்திரம் கழுவ வந்த மதுவந்தி வாசலிலேயே நின்றுவிட்டாள். அன்று முழுவதும் எங்களில் ஒருவரும் அந்தக் குழாயைத் திறக்கவில்லை.